தீர்வுசார் இதழியலும் தன்னுரிமை இதழாளரின் முன்மொழிவும்: புதுக்கோட்டை மிதிவண்டி அறிக்கையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சிக்கலைச் சொல்வதோடு நில்லாமல், அதற்கு மக்கள் கண்ட மறுமொழியையும் ஆராய்ந்து எழுதும் முறை இன்று ‘தீர்வுசார் இதழியல்’ எனப்படுகிறது. எந்த நிறுவனத்திலும் ஊதியம் பெறாத தன்னுரிமை இதழாளர் இத்தகைய கட்டுரையை எழுதுமுன் அதன் கருவை ஆசிரியருக்கு முன்மொழிய வேண்டியுள்ளது. அம்முன்மொழிவு பின்னர் எழுதப்படும் கட்டுரையின் வடிவத்தையும் உண்மைத் தன்மையையும் எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பி. சாய்நாத் 1990களின் முற்பகுதியில் புதுக்கோட்டைப் பெண்களின் மிதிவண்டி இயக்கம் குறித்து எழுதிய அறிக்கை முதன்மைச் சான்றாகவும், செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து இன்று எழுதப்படத்தக்க பொருள்கள் ஒப்பீட்டுச் சான்றாகவும் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தீர்வுசார் இதழியல், தன்னுரிமை இதழாளர், முன்மொழிவு, அறிவொளி இயக்கம், புதுக்கோட்டை, செட்டிநாடு.

முன்னுரை

இதழியல் ஆய்வுகள் பெரும்பாலும் அச்சேறிய பனுவலிலிருந்தே தொடங்குகின்றன. அச்சேறுவதற்கு முன் எழுதப்பட்டு, ஆசிரியரின் மேசையில் ஏற்கப்பட்டோ மறுக்கப்பட்டோ மறைந்துபோகும் பனுவல் ஒன்று உண்டு. செய்தியறை வழக்கில் ‘பிட்ச்’ எனப்படும் முன்மொழிவே அது. ஓரிரு பத்திகளில் அமையும் இதில் கட்டுரையின் பொருள், களம், சந்திக்கவிருக்கும் மனிதர், இப்போது எழுதவேண்டிய தேவை ஆகியவை சொல்லப்படும். நிறுவனத்தில் பணிபுரியும் செய்தியாளர் இதை வாய்ச்சொல்லாலேயே முடித்துவிடலாம். தன்னுரிமை இதழாளருக்கோ பயணச் செலவு, உழைப்பு, வருவாய் அனைத்தும் இப்பத்திகளையே சார்ந்துள்ளன.

தீர்வுசார் கட்டுரையை முன்மொழிவதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. வறட்சி உண்டு என முன்மொழிபவர் களத்திற்குச் செல்லுமுன்னரே அதை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வறட்சியை ஓர் ஊர் வென்றது என முன்மொழிபவர் அவ்வெற்றி மெய்தானா என்பதைக் களத்தில் நெடுநாள் தங்கியே அறியமுடியும். ஆனால், முன்மொழிவு ஏற்கப்படாமல் களத்தில் தங்குவதற்கு அவரிடம் பொருள்வசதி இல்லை. ஆகவே கண்டறிய வேண்டியதை முன்கூட்டியே வாக்களிக்கும் நிலைக்கு அவர் தள்ளப்படுகிறார். இம்முரணே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கலாகும்.

தீர்வுசார் இதழியல்: வரையறையும் அளவுகோலும்

நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் இணையப் பதிப்பில் 2010ஆம் ஆண்டு ‘ஃபிக்சஸ்’ என்னும் பத்தி தொடங்கப்பட்டது. அதனை எழுதிய டேவிட் போர்ன்ஸ்டீன், டினா ரோசன்பெர்க் ஆகியோர் கோர்ட்னி மார்ட்டினுடன் இணைந்து 2013இல் தீர்வுசார் இதழியல் வலையமைப்பை நிறுவினர். இவ்வமைப்பு தீர்வுசார் கட்டுரைக்கு நான்கு கூறுகளை வரையறுக்கிறது. சிக்கலுக்கான மறுமொழி எவ்வாறு இயங்குகிறது என்னும் விளக்கம் முதலாவது. அது பயனளித்ததற்கான சான்று இரண்டாவது. பிற இடத்தாருக்குப் பயன்படும் படிப்பினை மூன்றாவது. அதன் வரம்புகளை மறைக்காது கூறல் நான்காவது.

பாராட்டுச் செய்தியையும் தீர்வுசார் கட்டுரையையும் வேறுபடுத்துவது இந்நான்காம் கூறே. தனிமனிதர் ஒருவரின் நற்செயலைப் புகழ்ந்து முடிக்கும் செய்தி வாசகருக்கு மனநிறைவைத் தரலாம். அச்செயல் எங்கு தடைப்படுகிறது என்பதை அது சொல்வதில்லை. தடைப்படும் இடம் சொல்லப்படாதபோது பிறிதோர் ஊரார் அதைப் பின்பற்ற இயலாது. எனவே வரம்புகளைக் கூறுவது ஒரு நடுநிலை அணிகலன் அன்று. கட்டுரையின் பயன்பாட்டுக்கே அது அடிப்படை எனலாம்.

சாய்நாத்தின் அறிக்கை இவ்வமைப்பு நிறுவப்படுவதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் முந்தியது. ஆதலால் இந்நான்கு கூறுகளும் இங்கு அளவுகோலாக மட்டுமே கொள்ளப்படுகின்றன. அவ்வறிக்கையை இக்கோட்பாட்டின் விளைவாகக் காண்பது காலமுரணாகும்.

மாவட்டத்தை முன்மொழிதல்

பிளிட்ஸ் வார இதழின் துணை ஆசிரியராக இருந்த சாய்நாத், 1993இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழின் நல்கையைப் பெற்று நாட்டின் மிக வறிய மாவட்டங்கள் சிலவற்றில் பயணம் செய்தார். தமிழ்நாட்டில் அவர் தேர்ந்தவை இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் ஆகும். நல்கைக்கான நேர்காணலில், இத்தகைய செய்திகளில் தம் வாசகருக்கு ஆர்வம் இல்லையென்றால் என்ன செய்வது எனக் கேட்கப்பட்டது என்றும், அவ்வாசகரை நீங்கள் இறுதியாகச் சந்தித்தது எப்போது என்று அவர் எதிர்வினா எழுப்பினார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஏறத்தாழ பதினெட்டு மாத காலத்தில் 84 அறிக்கைகள் அந்நாளிதழில் வெளிவந்தன. அவற்றுள் பல 1996இல் பெங்குயின் வெளியீடாக வந்த ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ என்னும் நூலில் இடம்பெற்றன.

இங்கு நோக்கத்தக்கது முன்மொழிவின் அலகு ஆகும். சாய்நாத் முன்மொழிந்தது ஒரு கதையை அன்று, மாவட்டங்களை. புதுக்கோட்டையில் பெண்கள் மிதிவண்டி ஓட்டுகின்றனர் என்பதை விற்பனைப் பொருளாகக் கொண்டு அவர் அங்குச் செல்லவில்லை. வறுமையின் இயங்குமுறையை அறியச் சென்ற இடத்தில், அதை எதிர்கொள்ளும் மக்களின் முயற்சிகளும் அவர் கண்ணில் பட்டன. இராமநாதபுரத்து மிளகாய் உழவர்கள் தரகர் பிடியில் சிக்கியிருந்ததை எழுதிய அதே பயணத் தொடரிலேயே மிதிவண்டி அறிக்கையும் உருவாயிற்று. ஆகவே அவ்வறிக்கையில் தீர்வு என்பது தேடிச் சென்று கண்டதாக இல்லாமல் எதிர்ப்பட்டதாக உள்ளது. கண்டதை எழுதுவதற்கும் முன்பே வாக்களித்ததைக் கண்டதாக எழுதுவதற்கும் உள்ள இடைவெளியைப் பதினெட்டு மாத நல்கை போக்கியது எனலாம்.

மிதிவண்டி அறிக்கை: நான்கு கூறுகளின் வழி

(அ) மறுமொழியும் அதன் உரிமையாளரும்

புதுக்கோட்டையில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவித்தலோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இம்முயற்சிக்குப் பெரும் ஊக்கமளித்தார். வேளாண் கூலியர், கல்குவாரித் தொழிலாளர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பலதரப்பட்ட பெண்கள் மிதிவண்டி கற்றனர். ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் இவ்வியக்கத்தில் ஈடுபட்டதாக அறிக்கை கூறுகிறது.

அறிக்கையின் வலிமை அது யாரை எழுவாயாக அமைக்கிறது என்பதில் உள்ளது. ஆட்சியரின் பங்கு சொல்லப்படினும், கதை அவரைச் சுற்றி அமையவில்லை. குடுமியான்மலைக் கல்குவாரியில் உழைத்துக்கொண்டே பிறருக்கும் பயிற்சியளிக்கும் இளம்பெண்ணின் குரலும், புதிதாக ஓட்டக் கற்ற பிற பெண்களின் குரலும் முன்னிற்கின்றன. ஓர் அலுவலரின் சாதனையாக இதை எழுதியிருப்பின், அவர் மாறுதலாகிச் சென்றதும் கதையும் முடிந்திருக்கும்.

(ஆ) சான்று

மிதிவண்டி வணிகர் ஒருவரிடம் பெண்கள் மிதிவண்டி விற்பனை ஓராண்டில் 350 விழுக்காட்டிற்கும் மேல் உயர்ந்தது என்பது அறிக்கை தரும் முதன்மைப் புள்ளிவிவரம். இதுவும் குறைமதிப்பீடாகவே இருக்கலாம் எனச் சாய்நாத் கருதுகிறார். பெண்கள் மிதிவண்டி கிடைக்கும்வரை காத்திருக்காமல் ஆண்கள் மிதிவண்டியைப் பலர் வாங்கினர் என்பது ஒரு காரணம். தம்மை விற்பனை வரித்துறையின் ஆள் என வணிகர் ஐயுற்றார் என்பது மற்றொன்று.

இச்சான்றை இருவகையாக மதிப்பிடலாம். அரசு அலுவலகத்தின் சாதனை அறிக்கையை நாடாமல், பொய் சொல்வதால் ஆதாயம் பெறாத ஒரு கடைக்காரரிடம் எண்ணைக் கேட்டுப் பெற்றது நல்ல இதழியல் முறை. அதே வேளையில், ஒரு கடையின் விழுக்காடு மாவட்டத்தின் நிலையைக் காட்டாது. தொடக்க எண் சிறிதாயின் விழுக்காடு பெரிதாகவே தோன்றும். மேலும், வாங்கப்பட்ட மிதிவண்டியை வீட்டில் யார் ஓட்டினார் என்பதற்கு விற்பனைக் கணக்கு விடை தராது. இன்றைய தீர்வுசார் இதழியலின் அளவுகோலில் இச்சான்று தொடக்கச் சான்றாகவே அமையும்.

(இ) படிப்பினை

மிதிவண்டியின் பொருளியல் பயனை அறிக்கை ஏற்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் குறைகிறது. விளைபொருளை விற்கப் பல ஊர்களுக்குச் செல்ல முடிகிறது. தந்தையையோ கணவனையோ மகனையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. எனினும், பயனை வருவாய் ஒன்றாலேயே அளப்பது பிழை என அறிக்கை வாதிடுகிறது. பெண்கள் அடைந்த தன்மதிப்பையே அது மையமாகக் கொள்கிறது.

இவ்விடத்தில் அறிக்கை ஒரு பொதுவான முன்மொழிவு வாய்பாட்டை மீறுகிறது. அளக்கத்தக்க பயனையே ஆசிரியர்கள் எதிர்பார்ப்பர். அளக்க இயலாத பயனை முதன்மைப்படுத்த வேண்டுமாயின் அதற்குரிய காட்சிகள் வேண்டும். பயிற்சி வகுப்புக்குப் பெண்கள் திரண்டு வந்த காட்சியும், தொடக்கத்தில் அவர்கள் கேட்க நேர்ந்த இழிமொழிகள் பற்றிய குறிப்பும் இப்பணியைச் செய்கின்றன. இழிமொழிகள் இல்லாவிடின் தன்மதிப்பு என்னும் சொல் வெறும் புகழ்ச்சியாகிவிடும்.

(ஈ) வரம்புகள்

நான்கு கூறுகளுள் மிகவும் மெலிந்தது இதுவே. ஆட்சியரின் ஊக்கமும் அறிவொளித் தொண்டர்களின் உழைப்பும் வங்கிக் கடனும் ஒருசேர அமைந்த ஒரு காலத்தில் இயக்கம் வளர்ந்தது. அவற்றுள் ஒன்று விலகினால் என்ன நிகழும் என்னும் வினா அறிக்கையில் விரிவாக எழுப்பப்படவில்லை. இயக்கம் தணிந்தபின் என்ன எஞ்சியது என்பது 1999இல் வெளிவந்த நித்யா ராவின் ஆய்வு போன்ற பிற்காலப் பணிகளுக்கு உரிய வினாவாயிற்று. அறிவொளி இயக்கத்தின் உள்ளிருந்து பணியாற்றிய எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ என்னும் நூலின் தலைப்பே இவ்விரு பக்கங்களையும் சுட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் இயக்கத்தைக் காணும் செய்தியாளருக்கும், அது முடிந்தபின் திரும்பிப் பார்க்கும் தொண்டருக்கும் இடையிலான கால வேறுபாடு இங்குத் தெளிவாகிறது.

ஆயினும் இக்குறையை அறிக்கையின் தனிக்குறையாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. அதே மாவட்டத்தில் பெண்கள் குழுக்கள் கல்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதையும், அவ்வுரிமையைப் பறிக்க ஒப்பந்தக்காரர்கள் முனைந்ததையும் சாய்நாத் எழுதியுள்ளார். மிதிவண்டி ஓட்டும் பெண்ணைக் கேலி செய்தவர் காலப்போக்கில் அடங்கலாம். குவாரியை இழந்த ஒப்பந்தக்காரர் எளிதில் அடங்கமாட்டார். சொத்துரிமையைத் தொடாத தீர்வு விரைந்து பரவுகிறது. தொடும் தீர்வு எதிர்ப்பைச் சந்திக்கிறது. மிதிவண்டி அறிக்கை சொல்லாமல் விட்ட வரம்பை அதன் அண்டை அறிக்கை சொல்லிவிடுகிறது.

தொடரிலிருந்து பிரித்தெடுத்தல்

மிதிவண்டி அறிக்கை பின்னர்ப் பெற்ற வாழ்வு மேற்கண்ட கருத்துக்கு அரண் செய்கிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இது மொழிபெயர்ப்பாக இடம்பெற்றது. புதுக்கோட்டைப் பெண்களின் கதையை வடநாட்டு மாணவர் படிக்க நேர்ந்தது பாராட்டத்தக்கதே. ஆனால், பாடநூலுக்குள் சென்றது ஒரே ஓர் அறிக்கை. குவாரி அறிக்கையும் மிளகாய்த் தரகர் அறிக்கையும் உடன் செல்லவில்லை. தொடரில் இருந்தபோது வறுமையின் நடுவே ஒரு மறுமொழியாக நின்ற பனுவல், தனித்து நின்றபோது ஊக்கமூட்டும் பாடமாகிறது. பனுவலின் சொற்கள் பெரிதும் மாறவில்லையெனினும் அதன் வகைமை மாறிவிடுகிறது.

இன்றைய தன்னுரிமை இதழாளரின் நிலை இப்பாடநூல் நிலையை ஒத்தது. 84 அறிக்கைகளுக்கான இடம் அவருக்கு இல்லை. ஒரு கட்டுரைக்கான இடமே உண்டு. அவர் எழுதும் தீர்வுக் கட்டுரைக்கு அண்டை அறிக்கை கிடையாது. ஆகவே சாய்நாத் தொடரின் பிற பகுதிகளிடம் விட்டுவைத்த வரம்புகளை, இவர் அந்த ஒரே கட்டுரைக்குள் எழுதியாக வேண்டும். இதுவே தீர்வுசார் முன்மொழிவின் மீது விழும் கூடுதல் பொறுப்பாகும்.

செட்டிநாட்டிலிருந்து முன்மொழிதல்

செட்டிநாடு இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள நிலப்பகுதி. சிவகங்கை மாவட்டம் 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. எனவே சாய்நாத் தேர்ந்த இரு மாவட்டங்களுக்கும் நடுவில் காரைக்குடி அமைந்துள்ளது. எனினும் இப்பகுதி பற்றிய கட்டுரைகளில் பெரிதும் இடம்பெறுவன வீடுகளும் உணவும் மரபுக் கைவினையுமே. யுனெஸ்கோவின் உத்தேச உலக மரபுரிமைப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் இடம்பெற்றமை இவ்வார்வத்தை மேலும் வளர்த்தது. இவ்வகைக் கட்டுரைகள் ‘மீட்பு’ என்னும் சொல்லை மிகுதியாகக் கையாள்வதால் தீர்வுசார் கட்டுரைகள் போலத் தோற்றமளிக்கின்றன. அவை உண்மையில் அத்தன்மையனவா என்பதை இரு பொருள்களின் வழி நோக்கலாம்.

முதலாவது, காரைக்குடி கண்டாங்கிச் சேலை. 2019இல் இது புவிசார் குறியீடு பெற்றது. ‘அழியும் நெசவுக்குக் குறியீடு புத்துயிர் தந்தது’ என முன்மொழிவது எளிது. ஆனால், புவிசார் குறியீடு என்பது பெயரைப் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்ட உரிமை. அது தன்னளவில் கூலியை உயர்த்துவதில்லை. பதிவுக்குப் பின் தறிகளின் எண்ணிக்கை, ஒரு சேலைக்கு நெசவாளர் பெறும் கூலி, அடுத்த தலைமுறையினர் தறியில் அமர்கின்றனரா என்பன கேட்கப்படும்போதுதான் அது தீர்வுசார் கட்டுரையாகிறது. இம்மூன்றுக்கும் பாதகமான விடை கிடைத்தாலும் கட்டுரை எழுதத்தக்கதே என்று ஆசிரியர் முன்கூட்டியே ஒப்ப வேண்டும்.

இரண்டாவது, ஊருணி. மழைநீரையே நம்பிய இவ்வறண்ட நிலத்தில் ஊருணிகளும் கண்மாய்களும் அவற்றை இணைக்கும் வரத்துக்கால்களும் வாழ்வின் அடிப்படையாக இருந்தன. ஊருணி தூர்வாரப்படும் நாளில் செய்தி வெளிவருகிறது; படமும் இடம்பெறுகிறது. வரத்துக்கால் ஆக்கிரமிக்கப்பட்டிருந்தால் தூர்வாரிய ஊருணியிலும் நீர் நிற்காது. ஆக்கிரமிப்பை அகற்றுவது மண் அள்ளுவதைப் போன்று எவரும் எதிர்க்காத செயல் அன்று. மிதிவண்டிக்கும் குவாரிக்கும் இடையே கண்ட வேறுபாடே தூர்வாரலுக்கும் வரத்துக்கால் மீட்புக்கும் இடையிலும் நிலவுகிறது. முன்மொழிபவர் இவற்றுள் எதை எழுதவிருக்கிறார் என்பதைத் தெளிவாக்க வேண்டும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். இத்தனை நிபந்தனைகளை ஏற்கும் ஆசிரியர் யார்? தன்னுரிமை இதழாளர் ஒரே களத்திற்கு இருமுறை செல்லும் செலவை யார் ஏற்பர்? இம்மறுப்பு நியாயமானது. சாய்நாத்தின் பணிக்கு நல்கை தேவைப்பட்டது. அவர் 2014இல் தொடங்கிய பாரி எனப்படும் ஊரக இந்திய மக்கள் காப்பகம் நாளிதழ் விற்பனையைச் சாராமல் இயங்குகிறது. தன்னுரிமை இதழாளர் அபர்ணா கார்த்திகேயன் சிவகங்கைப் பகுதிப் பெண் உழவர் குறித்து எழுதியவை இத்தகைய வெளியிலேயே இடம்பெற்றன. ஆகவே முன்மொழிவின் நேர்மையை இதழாளரின் தனிமனித அறமாக மட்டும் கருத இயலாது. அதற்கு ஒரு பொருளியல் அடித்தளம் வேண்டும்.

காரைக்குடியின் இதழியல் மரபு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. சொ. முருகப்பாவின் ‘குமரன்’, ராய. சொக்கலிங்கத்தின் ‘ஊழியன்’ ஆகிய இதழ்கள் சமூகச் சீர்திருத்தத்தை இவ்வூரிலிருந்தே பேசின. அவற்றின் ஆசிரியர்கள் தாம் எழுதிய சமூகத்தினரிடையே வாழ்ந்தவர்கள். வாசகரின் உடன்பாட்டையும் சினத்தையும் நேரில் கண்டவர்கள். தொலைவிலுள்ள ஆசிரியர் வாசகரின் விருப்பத்தை ஊகித்து முன்மொழிவை ஏற்பதும் மறுப்பதும் இதனினும் வேறான நிலை. வாசகரை இறுதியாகச் சந்தித்தது எப்போது என்னும் எதிர்வினா அந்நிலையை நோக்கியே எழுந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. தீர்வுசார் கட்டுரையின் நம்பகத்தன்மை எழுதும் நிலையில் மட்டுமன்றி முன்மொழியும் நிலையிலேயே பெருமளவு தீர்மானிக்கப்படுகிறது. வெற்றியை வாக்களிக்கும் முன்மொழிவு தோல்வியைக் காணவிடாது.

2. புதுக்கோட்டை மிதிவண்டி அறிக்கை மறுமொழியையும் படிப்பினையையும் சிறப்பாகவும், சான்றை ஓரளவும், வரம்புகளைக் குறைவாகவும் தருகிறது. அக்குறையை அறிக்கைத் தொடர் ஈடுசெய்தது; தொடரிலிருந்து பிரிக்கப்பட்டபோது குறை வெளிப்பட்டது.

3. தனிக்கட்டுரையை நம்பும் இன்றைய தன்னுரிமை இதழாளர் தம் முன்மொழிவில் ‘இது பயனளித்தது’ என்பதற்கு மாறாக ‘இது பயனளித்ததா’ என்னும் வினாவையே வைப்பது பொருத்தம். அதனோடு ஓராண்டு கழித்து அக்களத்திற்கு மீண்டும் செல்வதையும் நிபந்தனையாக்கலாம்.

4. தீர்வு எவருடைய உடைமையையேனும் தொடுகிறதா என்னும் வினா, அதன் பரவலையும் எதிர்ப்பையும் முன்னுணர உதவும். குவாரி, வரத்துக்கால் ஆகிய இரண்டும் இதற்குச் சான்றுகள்.

ஏற்கப்பட்ட, மறுக்கப்பட்ட முன்மொழிவுகளைத் திரட்டி ஆராய்வது தமிழ் இதழியல் ஆய்வில் இனிச் செய்யத்தக்க பணியாகும். எவ்வகைத் தீர்வுகள் ஆசிரியர் மேசையைக் கடந்தன, எவை கடக்கவில்லை என்பதை அத்தொகுப்பே காட்டும். காரைக்குடி ஊருணி ஒன்றின் வரத்துக்கால் ஏன் செய்தியாகவில்லை என்பதற்கான விடையும் அங்குக் கிடைக்கக்கூடும்.